ஜெர்மனிக்குப் புதுசா வந்தவங்க பல் வைத்தியத்துக்குப் பணம் கட்டறது எப்படி

ஜெர்மனில பல் வைத்தியத்துல எவ்வளவு பணம் நம்ம கையை விட்டுப் போகும்ங்கறது டாக்டர் சேர்ல உக்காந்த பிறகு முடிவாகறது இல்ல, அதுக்கு முன்னாடியே எந்த பேப்பர்ல எப்ப கையெழுத்து போட்டோம், எந்த வருஷம் செக்கப்புக்குப் போனோம், எக்ஸ்ட்ரா பாலிசியை எந்த மாசம் எடுத்தோம்ங்கறதுலயே முக்கால்வாசி முடிவாயிடுது. இது யாரும் சொல்லித் தரல. ஆபீஸ்ல கேட்டா "இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்"னாங்க, இன்ஷூரன்ஸ்ல கேட்டா "டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னாங்க, டாக்டர் ரிசப்ஷன்ல ஒரு ஃபார்மை நீட்டி கையெழுத்து கேட்டாங்க. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்னுதான் இதை எழுதறேன். வேலைக்கு வந்தவங்க, படிக்க வந்தவங்க, டிபெண்டண்ட் விசால வந்தவங்க எல்லாருக்கும் பெரும்பாலும் இதே பாதைதான், மாறற இடத்துல சொல்றேன்.

0. இன்னும் ஊர்லதான் இருக்கீங்களா? அப்ப இதை முதல்ல முடிங்க

விசா கைக்கு வந்து டிக்கெட் போடற இடைவெளில ஒரு பல் டாக்டரைப் பாத்துடுங்க. பாதில நிக்கற ரூட் கேனால், கேப் போடாம விட்ட பல், ஆடிக்கிட்டிருக்கற பழைய அடைப்பு இதெல்லாம் சென்னையிலயோ திருச்சியிலயோ முடிச்சுட்டு ஏறுங்க. எக்ஸ்ரேவை ஃபிலிமா இல்லாம ஃபைலா வாங்கி மெயில்ல போட்டு வெச்சுக்கங்க, என்ன பண்ணாங்க எந்தப் பல்லுன்னு லெட்டர்பேட்ல ரெண்டு வரி எழுதி வாங்கிக்கங்க. பல் நம்பர் ரெண்டு நாட்டுலயும் ஒரே கணக்குதான், 36னா இங்கயும் கீழ் இடது பக்க முதல் கடைவாய்ப் பல்தான், அதனால இங்க இருக்கற டாக்டருக்கு அந்த ரெண்டு வரியே போதும்.

ஆரம்பத்துல சில பேர் ட்ராவல் இன்ஷூரன்ஸ் இல்லன்னா விசாவுக்காக எடுத்த மலிவு பாலிசியில இருப்பீங்க. அதுல பல்லுக்கு பொதுவா வலி நிக்கற வரைக்கும் செய்யற அவசர வைத்தியம் மட்டும்தான். கேப், பிரிட்ஜ், பழைய பிரச்சனை எதுவும் கிடையாது.

1. நீங்க எந்த இன்ஷூரன்ஸ்னு தெளிவாக்கிக்கங்க

இங்க ரெண்டு உலகம் இருக்கு. ஒண்ணு அரசு சட்டப்படி நடக்கற ஹெல்த் இன்ஷூரன்ஸ், பேரு கிராங்கன்காஸ, சுருக்கமா காஸ; டேகா, ஆஓகா, பார்மர் இந்த மாதிரி. இன்னொண்ணு பிரைவேட். 2026 கணக்குல வருஷ சம்பளம் 77,400 யூரோவைத் தாண்டினாதான் வேலைல இருக்கறவங்க பிரைவேட்டுக்குப் போக முடியும், பெரும்பாலானவங்க கிராங்கன்காஸலதான் இருப்பீங்க. பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு தனி வருமானம் பெருசா இல்லன்னா உங்க காஸலயே தனிப் பிரீமியம் இல்லாம சேர்த்துக்கலாம், அவங்களுக்கும் தனித்தனி கார்டு வரும்.

பிரைவேட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பில் முழுசும் உங்க பேர்ல வரும், நீங்க கட்டிட்டு கம்பெனிக்கு அனுப்பி வாங்கிக்கணும். டாக்டர் ஒவ்வொரு வேலைக்கும் அரசு ரேட் பட்டியல்ல இருக்கற தொகையை 2.3 மடங்கு வரைக்கும் சாதாரணமா போடலாம், அதுக்கு மேல 3.5 வரைக்கும் போனா காரணம் எழுதணும், அதையும் தாண்டினா முன்னாடியே உங்ககிட்ட எழுத்துல ஒப்புதல் வாங்கணும். உங்க பாலிசி எத்தனை மடங்கு வரைக்கும் தரும்னு பாத்துட்டுப் போங்க. இதுக்கு மேல நான் எழுதறது கிராங்கன்காஸ ஆளுங்களுக்கு.

2. வலி வர்றதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பிடிங்க

பல் டாக்டருக்கு ரெஃபரல் எதுவும் வேணாம், வீட்டு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கற வேலை இல்ல. காஸ கார்டு ஏத்துக்கற எந்த கிளினிக்குக்கும் நேரா போகலாம். ஆனா நிறைய இடத்துல "புது பேஷண்ட் எடுக்கறதில்ல"ம்பாங்க, எடுத்தாலும் செக்கப்புக்கு சில வாரம் தள்ளித்தான் தேதி கிடைக்கும். அதனால வீட்டு விலாசம் பதிவு பண்ணி கார்டு வந்த உடனே ஒரு செக்கப் அப்பாயின்மெண்ட் போட்டுடுங்க, பல்லு கல்லு மாதிரி இருந்தாலும் சரி.

அப்பாயின்மெண்ட் போட்டுட்டு போகாம விட்டா கிளினிக் உங்ககிட்ட காசு கேக்கலாம், முதல் தடவை ஃபார்ம்லயே 24 மணி நேரம் முன்னாடி இல்ல 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு போட்டிருக்கும், அந்த வரியைத் தேடிப் படிங்க. அதே கட்டுல இன்னொரு பேப்பரும் இருக்கலாம், பில் போடற வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுக்க நாம தர்ற சம்மதம். கையெழுத்துப் போட்டா தப்பில்ல, பின்னாடி முன்ன பின்ன தெரியாத ஒரு கம்பெனி பேர்ல பில் வந்தா ஸ்கேம்னு நினைச்சு குப்பையில போடாம இருந்தா சரி. போட்டா அடுத்து ரிமைண்டர் லெட்டர், ரிமைண்டர் ஃபீஸ்னு ஏறிக்கிட்டே போகும்.

ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ வலி தாங்கலன்னா ஒவ்வொரு ஊர்லயும் பல்லுக்குன்னே நோட்டீன்ஸ்ட்னு ஒரு டூட்டி டாக்டர் இருப்பாரு, உங்க மாநில பல் டாக்டர் சங்கத்தோட வெப்சைட்ல பின்கோடு போட்டா விலாசம் வரும். கார்டை எடுத்துட்டுப் போங்க. அங்க வலியை நிறுத்தறதோட சரி, மிச்ச வேலைக்கு உங்க டாக்டர்கிட்டதான் திரும்பணும்.

3. முதல் நாளே பொனுஸ்ஹெஃப்ட் கேட்டு வாங்குங்க

இதைத்தான் புதுசா வர்றவங்க எல்லாரும் தவற விடறாங்க. பொனுஸ்ஹெஃப்ட்ங்கறது ஒரு சின்ன மடிப்புப் புத்தகம், பாஸ்போர்ட்டை விட சின்னது, உள்ள கட்டம் கட்டமா இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குப் போனா ரிசப்ஷன்ல தேதி போட்டு கிளினிக் சீல் குத்தித் தருவாங்க. இலவசம். நீங்களா கேட்டாதான் பல இடத்துல தருவாங்க. சில காஸல எலக்ட்ரானிக் ஃபைல்லயும் வெச்சுக்கலாம், ஆனா சீல் குத்தின புத்தகம் கையில இருக்கறது நிம்மதி.

இது எதுக்குன்னா, பின்னாடி கேப், பிரிட்ஜ், பல்செட் வேணும்னா காஸ தர்ற பங்கு சாதாரணமா 60%. விடாம 5 வருஷம் சீல் இருந்தா 70%, 10 வருஷம் இருந்தா 75%. வைத்தியம் ஆரம்பிக்கற வருஷத்துக்கு முந்தின காலண்டர் வருஷங்களைத்தான் எண்ணுவாங்க. 2026ல வந்து 2026லேருந்து 2030 வரைக்கும் ஒரு வருஷம் கூட விடலன்னா 2031ல 70% கிடைக்கும். ஊர்ல வருஷா வருஷம் செக்கப் போனது இதுல சேராது.

நவம்பர்ல வந்திறங்கினவங்க "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு விட்டுடாதீங்க, டிசம்பர்ல ஒரு செக்கப் கிடைச்சா அந்த வருஷம் முழுசா கணக்குல ஏறிடும். நடுவுல ஒரு வருஷம் விட்டா எண்ணிக்கை முதல்லேருந்து ஆரம்பிக்கும், 10 வருஷக் கணக்குக்கு மட்டும் சரியான காரணம் இருந்தா ஒரே ஒரு தடவை மன்னிப்பு உண்டு. புத்தகம் தொலைஞ்சா பயப்பட வேணாம், பழைய டாக்டர் அவரோட ரெக்கார்டைப் பாத்து திரும்ப சீல் போட்டுத் தருவாரு. பிள்ளைங்களுக்கு 12 வயசுலேருந்து தனிப் புத்தகம், 18 வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு சீல்.

4. எது ஃப்ரீ, எதுக்கு காசுன்னு தெரிஞ்சுட்டு உள்ள போங்க

செக்கப், வலி பாக்கறது, எக்ஸ்ரே, பல் பிடுங்கறது, தேவைன்னா ஞானப்பல் ஆபரேஷன், மரத்துப் போற ஊசி எல்லாம் காஸ கணக்கு. பல்லுல படியற காரையை எடுக்கறது வருஷத்துக்கு ஒரு தடவை காஸ கணக்கு. ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கறவங்களுக்கு செய்யற சாதாரண ஷீனயும், அதாவது பல்லுல மாட்டிக்கற கவசமும், காஸ தரும்.

ஆனா ரிசப்ஷன்ல "பல் க்ளீனிங்கும் சேர்த்துப் போடட்டுமா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க பாருங்க, அது வேற. அது புரொஃபஷனல் க்ளீனிங், பே-ட்ஸெட்-எர்னு சொல்வாங்க, பொதுவா 80லேருந்து 120 யூரோ, நம்ம காசு. நிறைய காஸ இதுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை திருப்பித் தருது, சில காஸ அவங்க லிஸ்ட்ல இருக்கற கிளினிக்குக்குப் போனாதான் தரும். முதல்ல உங்க காஸ ஆப்ல பாருங்க, பிறகு சரின்னு சொல்லுங்க. வேணாம்னு சொன்னாலும் உங்க செக்கப்புக்கோ சீலுக்கோ ஒண்ணும் ஆகாது.

அடைப்புல சூட்சுமம் இருக்கு. முன் பல்லுல பல் கலர் அடைப்பு காஸ கணக்கு. கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி அமல்கம்ங்கற பாதரசக் கலவையைப் போட்டாங்க, 2025 ஜனவரிலேருந்து மருத்துவ ரீதியா கண்டிப்பா தேவைப்படற கேஸைத் தவிர ஐரோப்பிய யூனியன்ல அதை நிறுத்தியாச்சு, இப்ப அதுக்குப் பதிலா தானா ஒட்டிக்கற வெள்ளை மாதிரி ஒரு சாமானை காஸ கணக்குல போடணும். டாக்டர் சொல்ற அடுக்கடுக்கா வெக்கற கம்போசிட் வேணும்னா வித்தியாசத்தை நாம கட்டணும், பல்லுக்கு 50லேருந்து 150 யூரோன்னு வெச்சுக்கங்க, பெரிய ஓட்டையா இருந்தா இன்னும் போகும். இதுக்கு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல ஒரு ஒப்பந்தம் போடணும்கறது சட்டம். நடக்கறது எப்படின்னா, ஊசி போட்டு பாதி வாய் மரத்துப் போய் உக்காந்திருக்கும்போது கிளிப்போர்டு வரும். எனக்கு அப்படி வந்தப்போ "காஸ கணக்குல என்ன கிடைக்கும், அதைப் போடுங்க"ன்னு கேட்டேன், அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கற மாதிரி பாத்தாங்க, திரும்பவும் கேட்ட பிறகுதான் "இருக்கு"ன்னு வந்துச்சு. உங்ககிட்ட கேட்டா "காஸன்லைஸ்டுங்"னு, அதாவது காஸ கணக்குல வர்ற வைத்தியம்னு, ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கம்போசிட் நல்ல பொருள்தான், நீண்ட நாள் உழைக்கும், வேணும்னு நீங்க முடிவு பண்ணி எடுத்தா சந்தோஷம், வாய் மரத்த நிலைமையில அவசரத்துல எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரூட் கேனால்ல கடைவாய்ப் பல்லுக்கு தனி நிபந்தனை இருக்கு. அந்தப் பல்லைக் காப்பாத்தினா வரிசை இடைவெளி இல்லாம நிக்கும், இல்ல ஏற்கனவே இருக்கற பிரிட்ஜ் தப்பிக்கும்ங்கற மாதிரி காரணம் இருந்தாதான் காஸ தரும். இல்லன்னா பிடுங்கறது ஃப்ரீ, காப்பாத்தறது நம்ம காசுல பல நூறு யூரோ. மைக்ரோஸ்கோப், லேசர், ஸ்பெஷல் கழுவல்னு மேல சேர்க்கற எல்லாமும் பிரைவேட் பில்தான். "இந்தப் பல்லை காஸ கணக்குல செய்ய முடியுமா, முடியலன்னா ஏன்"னு கேட்டு பதிலை வாங்குங்க.

5. கேப், பிரிட்ஜ்னு வந்தா பிளான் வர்ற வரைக்கும் எதுக்கும் தலையாட்டாதீங்க

பெரிய செலவு இங்கதான். டாக்டர் முதல்ல ஹைல் உண்ட் கோஸ்டன்பிளான்னு ஒரு வைத்தியச் செலவுத் திட்டம் போடணும், காஸ ஆளுங்களுக்கு இது இலவசம். 2023லேருந்து கம்ப்யூட்டர்லயே நேரா காஸக்குப் போயிடுது, முன்ன மாதிரி நாம தபால்ல அனுப்ப வேணாம். உங்களுக்கு ஒரு பிரிண்ட் தருவாங்க, கண்டிப்பா வாங்குங்க.

அந்த பேப்பர்ல நடுவுல பல் வரிசை மாதிரி ஒரு அட்டவணை இருக்கும். பி-ன்னு இருக்கற வரில இப்ப பல்லு எப்படி இருக்கு, ஆர் வரில காஸ பார்வையில போதுமான வைத்தியம் எது, டிபி வரில டாக்டர் உண்மையில செய்யப் போறது எது. ஆர் வரியும் டிபி வரியும் ஒண்ணா இருந்தா நீங்க கட்ட வேண்டியது கம்மி. ரெண்டும் வேற வேறயா இருந்தா அந்த வித்தியாசம் பூரா உங்க பாக்கெட்.

இப்ப அந்த 60% கதைக்கு வருவோம். இது உங்க பில்லுல 60% கிடையாது. காஸ "போதும்"னு சொல்ற வைத்தியத்தோட ரேட்ல 60%. ஒரு கணக்குக்கு வெச்சுக்கங்க, போதும்ங்கற வைத்தியம் 500 யூரோன்னா காஸ 300 தரும். டாக்டர் போடற பீங்கான் கேப் 900 ஆச்சுன்னா உங்க பங்கு 600. பொனுஸ்ஹெஃப்ட்ல 5 வருஷம் இருந்தா 550, 10 வருஷம் இருந்தா 525. இம்ப்ளாண்ட் வெச்சாலும் காஸ அந்த இடத்துக்கு பிரிட்ஜுக்குத் தர்ற தொகையைத்தான் தரும், ஒரு பல்லுக்கு 2,000 யூரோவுக்கு மேல சாதாரணமா ஆகறப்போ அது பெருசா ஒண்ணும் தாங்காது. இன்னொண்ணு, இம்ப்ளாண்ட் மாதிரி காஸ வழியை விட்டு முழுசா விலகின வேலைக்கு மொத்த பில்லையும் நீங்க கட்டிட்டு பிறகு காஸகிட்ட அவங்க பங்கை வாங்கணும், அதுக்குக் கையில காசு இருக்கணும்.

காஸ மூணு வாரத்துக்குள்ள பதில் சொல்லணும், வெளி நிபுணர்கிட்ட அனுப்பினா ஆறு வாரம். கம்ப்யூட்டர் வழி வந்த பிறகு சில நாள்லயே வந்துடறதும் உண்டு. ஒப்புதல் வந்தா ஆறு மாசத்துக்குள்ள வேலை முடியணும், அதனால நடுவுல ரெண்டு மாசம் ஊருக்குப் போற பிளான் இருந்தா தேதியைப் பாத்துப் போடுங்க. ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுட்டா காஸ பங்கு போயிடும்.

6. வேற டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டுங்க

டிபி வரி விலை கூடுதலா இருந்தா அந்த பிரிண்ட்டை எடுத்துட்டு இன்னொரு கிளினிக்குக்குப் போங்க. கோவிச்சுக்க மாட்டாங்க, இங்க இது சகஜம். லேப் செலவுதான் பெரிய அளவுல மாறும், லேப் எங்க இருக்கு, எந்தப் பொருள்னு ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க. ரெண்டாவது ஆள்கிட்ட செய்யறதா முடிவானா, முதல் பிளானுக்கு ஏற்கனவே ஒப்புதல் வந்திருந்தா அதை ரத்து பண்ணச் சொல்லி காஸக்கு சொல்லிடுங்க, இல்லன்னா புது பிளான் அங்க போய் முட்டும்.

போலந்து, ஹங்கேரின்னு ஐரோப்பிய யூனியன் உள்ள போய் செய்தாலும் முன்னாடியே பிளான் கொடுத்து ஒப்புதல் வாங்கினா காஸ அதே பங்கைத் தரும். "அடுத்த லீவுல ஊர்ல போய் போட்டுக்கறேன்"னா அது முழுக்க உங்க செலவு, இந்தியாவுல திட்டம் போட்டு செய்யற வைத்தியத்துக்கு காஸ ஒரு சென்ட் தராது. அப்படியும் சில பேருக்கு ஊர்லதான் லாபம், மறுக்கல. ஆனா ரூட் கேனாலுக்கும் கேப்புக்கும் நடுவுல போதுமான நாள் லீவு இருக்கான்னு பாருங்க, இங்க வந்த பிறகு கேப் கழண்டா இங்க இருக்கற டாக்டர் அதை ஃப்ரீயா சரி பண்ண மாட்டாரு. இங்கயே போட்டா அடைப்புக்கும் கேப்புக்கும் ரெண்டு வருஷம் அந்த டாக்டர் பொறுப்பு.

7. சம்பளம் கம்மியா? ஹெர்டஃபால் கேளுங்க

ஹெர்டஃபால்னா வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு காஸ தர்ற சலுகை. படிக்கற பசங்க இதைக் கட்டாயம் படிங்க. மாச மொத்த வருமானம் ஒரு வரம்புக்குக் கீழ இருந்தா காஸ போதும்ங்கற வைத்தியத்தை முழுசா தரும், 60% இல்ல, 100%. 2026ல தனி ஆளுக்கு 1,582 யூரோ, கூட குடும்பத்துல ஒருத்தர் வீட்டுல இருந்தா 2,175.25, அதுக்கு மேல ஆளுக்கு 395.50. மினிஜாப்ங்கற சின்ன சம்பள வேலை, பார்ட் டைம் பண்ற மாணவர்கள் நிறைய பேர் இதுக்குள்ள வருவீங்க. சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், யூனிவர்சிட்டி சர்டிபிகேட் கேப்பாங்க, வீட்டுலேருந்து பணம் வருதான்னும் கேக்கலாம், இருக்கறதைச் சொல்லுங்க. தானா வராது, நீங்க ஃபார்ம் போடணும், அதுவும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. டாக்டர்கிட்டயும் "காஸ போதும்ங்கறதே போதும், மேல ஒண்ணும் சேர்க்காதீங்க"ன்னு தெளிவா சொல்லிடணும், ஏன்னா மேல சேர்க்கற ஒவ்வொண்ணும் திரும்ப உங்க தலைலதான் வரும். வரம்பைக் கொஞ்சம் தாண்டினவங்களும் கேளுங்க, ஒரு பகுதி கூடுதலா கிடைக்க வழி இருக்கு.

8. எக்ஸ்ட்ரா பல் பாலிசி: எடுக்கறதா இருந்தா செக்கப்புக்கு முன்னாடி

மாசம் ஒரு தொகை கட்டி கேப், இம்ப்ளாண்ட், க்ளீனிங்குக்கு மேல்பங்கு தர்ற தனி பாலிசி இருக்கு. இதுல மூணு பொறி. டாக்டர் "இந்தப் பல்லுக்கு கேப் வேணும்"னு ரெக்கார்ட்ல எழுதிட்டாருன்னா அதுக்குப் பிறகு எடுக்கற பாலிசி அந்தப் பல்லுக்கு பொதுவா தராது, நீங்க சொல்லலன்னாலும் க்ளெய்ம் வரும்போது டாக்டர்கிட்ட ஃபைல் கேப்பாங்க. ஏற்கனவே இல்லாத பல்லை பல கம்பெனி சேர்க்காது, சேர்த்தா பிரீமியம் கூடும். அப்பறம் "காத்திருப்பு இல்ல"ன்னு விளம்பரத்துல பெருசா போட்டிருந்தாலும் உள்ள முதல் சில வருஷத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு இருக்கும், அந்த டேபிளைப் பாக்காம எடுக்காதீங்க.

என் கருத்து என்னன்னா, பல்லு நல்லா இருந்து ரெண்டு மூணு வருஷத்துல கிளம்பற ஆளா இருந்தா இது வேணாம், அந்தக் காசைத் தனியா சேர்த்து வெச்சா போதும். இங்கயே செட்டில் ஆகற ஐடியா, வாய்ல பழைய ரூட் கேனால் நிறைய இருக்குன்னா எடுக்கலாம், வந்த முதல் மாசங்கள்லயே.

பிள்ளைங்களுக்கு கம்பி போடற விஷயமும் இதோட சேர்ந்ததுதான். பல் கோணல் எந்த அளவுன்னு 1லேருந்து 5 வரைக்கும் பிரிப்பாங்க, 18 வயசுக்குள்ள ஆரம்பிச்சு 3 இல்ல அதுக்கு மேல இருந்தா காஸ தரும். முதல்ல 20% நீங்க கட்டுவீங்க, வைத்தியத்தை முழுசா முடிச்சதும் அது திரும்பி வரும், ரெண்டாவது பிள்ளைக்கும் ஒரே நேரத்துல ஓடினா அதுக்கு 10%தான். நடுவுல நாடு மாறினா அந்தக் காசு திரும்பாது, டிரான்ஸ்பர் வரப் போகுதுன்னா யோசிச்சு ஆரம்பிங்க.

9. பில் வந்த பிறகு

பில்லை பிளான் பிரிண்ட்டோட வரி வரியா வெச்சுப் பாருங்க. லேப் பில் தனியா இணைச்சிருக்கணும், இல்லன்னா கேளுங்க. தொகை பெருசுன்னா தவணை கேக்கலாம், பில்லிங் கம்பெனிங்க பல பேர் சில மாசம் வரைக்கும் வட்டி இல்லாம தர்றாங்க, கடைசி தேதிக்கு முன்னாடியே போன் பண்ணிடணும்.

காஸயும் பாலிசியும் தந்தது போக மிச்சம் நீங்க கட்டினது வருமான வரில காட்டலாம். உங்க வருமானம், கல்யாணம், குழந்தைங்களைப் பொறுத்து 1%லேருந்து 7% வரைக்கும் உங்களால தாங்க முடியற பங்குன்னு கழிச்சுட்டு அதுக்கு மேல இருக்கறதுக்குத்தான் சலுகை. எந்த வருஷம் கட்டினீங்களோ அந்த வருஷக் கணக்கு, அதனால கேப் செலவும் மூக்குக்கண்ணாடிச் செலவும் ஒரே வருஷத்துல வர்ற மாதிரி இருந்தா ஜனவரிக்குத் தள்ளாம டிசம்பருக்குள்ளயே ரெண்டையும் கட்டிடுங்க, பில்லும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ஒரே ஃபோல்டர்ல கிடக்கட்டும்.